பலகை ஏறும் முன் காகிதம்: நியூயார்க்கில் ஒரு பயிற்சியாளர் பெயரைத் தெருவுக்குச் சூட்டுவது எப்படி

மன்ஹாட்டன் 14ஆம் தெருவில் இர்விங் பிளேசுக்கும் மூன்றாம் அவென்யூவுக்கும் இடைப்பட்ட துண்டுக்கு 1993-இல் ‘கஸ் டமாட்டோ வே’ என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தத் துண்டில் குடியிருப்பவர் எவருக்கும் அது முகவரி அல்ல. தபால், மின்கட்டண ரசீது, ஓட்டுநர் உரிமம் எல்லாம் 14ஆம் தெரு என்றே இருக்கின்றன. டாக்சிக்காரரிடம் ‘கஸ் டமாட்டோ வே போகணும்’ என்றால் விழிப்பார். ஆனாலும் பெயர் சட்டப்படி வைக்கப்பட்டதுதான்.

டமாட்டோ குத்துச்சண்டைப் பயிற்சியாளர். அந்தத் தெருவில் மாடிப்படி ஏறிப் போக வேண்டியிருந்த கிராமர்சி ஜிம் அவருடையதாக இருந்தது. வழி தவறக்கூடிய வயதில் படியேறி வந்த பையன்களை அவர் வளர்த்தெடுத்தார். அவர்களில் ஒருவரான ஃபிளாய்ட் பேட்டர்சன் 1956-இல், 21 வயதில், அதுவரை இல்லாத இளம் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அந்தச் சாதனையை 1986 நவம்பரில் முறியடித்த 20 வயது மைக் டைசனும் டமாட்டோ வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். அதைப் பார்க்க டமாட்டோ இல்லை. 1985 நவம்பரிலேயே இறந்துவிட்டார். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: டைசன் அவரிடம் வளர்ந்தது நகரத்துக்கு வெகுவடக்கே கேட்ஸ்கில் என்ற சிற்றூரில். பெயர்ப்பலகைக்கோ ஜிம் இருந்த தெருவையே தேர்ந்தெடுத்தார்கள். புகழ் எங்கே கிடைத்தது என்று பார்க்காமல் வேலை எங்கே நடந்தது என்று பார்த்து இடம் குறிப்பதுதான் இந்த வகைப் பெயர்சூட்டலில் சரியான முறை. விண்ணப்பிக்கும் குடும்பங்கள் இதைப் பல நேரம் மறந்து, அவர் பிறந்த வீடு, கடைசியாகக் குடியிருந்த வீடு என்று கேட்கின்றன. அந்தத் தெருக்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. விண்ணப்பத்துக்கு வேண்டிய தெருவாசிகளின் கையெழுத்தும் விழாது.

நியூயார்க்கில் இப்போது நடப்பது பெயர் மாற்றம் அல்ல, இணைப்பெயர் சூட்டல். பழைய பெயர் அப்படியே இருக்கும், அதே கம்பத்தில் இன்னொரு பலகை சேரும். இந்த வழிக்கு நகரம் வந்து சேர்ந்ததற்கு அனுபவமே காரணம். 1945-இல் ஆறாம் அவென்யூவை ‘அவென்யூ ஆஃப் தி அமெரிக்காஸ்’ என்று மாற்றினார்கள். ஊர் மக்கள் கண்டுகொள்ளவே இல்லை. அண்ணா சாலையை இன்னும் மவுண்ட் ரோடு என்று சொல்பவர்கள் நம்மிடையே இருப்பதுபோல, அங்கேயும் நாக்கு பழைய பெயரை விடவில்லை. கடைசியில் 1980களில் இரண்டு பெயர்களையும் பலகையில் போட்டுச் சமாதானம் செய்துகொண்டார்கள்.

முழுப் பெயர் மாற்றத்தில் ஊர் மக்கள் கண்டுகொள்ளாமல் விடுவது சின்ன ஆபத்து. எதிர்த்து எழுவதுதான் பெரிய ஆபத்து. சான் டியாகோவில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டை 1986-இல் மார்ட்டின் லூதர் கிங் பெயருக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டே வாக்கெடுப்பு வைத்து மக்கள் அதைத் திருப்பிவிட்டார்கள். கேன்சஸ் சிட்டியிலும் அதே கதைதான். ‘தி பாசியோ’ என்ற நீண்ட சாலை 2019 ஜனவரியில் கிங் பெயரைப் பெற்றது, பலகைகள் ஏறின, நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பழைய பெயரே வேண்டும் என்றார்கள். சாலையோரச் சொத்துக்காரர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற வழக்கமான விதியை நகர மன்றம் தள்ளிவைத்ததுதான் கோபத்துக்கு முக்கியக் காரணம். உலகமே அறிந்த தலைவர் பெயருக்கே இந்தக் கதி என்றால், நான்கு தெருக்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கூடைப்பந்து மாஸ்டரின் பெயரை யோசித்துப் பாருங்கள்.

முகவரி மாறினால் ஒரு வீட்டுக்கு என்னென்ன வேலை வரும்? ஓட்டுநர் உரிமம், வங்கி, காப்பீடு, வாக்காளர் பதிவு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். கடைக்காரருக்குப் பெயர்ப்பலகை, பில் புத்தகம், உரிமம் எல்லாம் புதிதாக வேண்டும். அவசர உதவி 911 முகவரித் தரவில் பழையதும் புதியதும் குழம்பினால் ஆம்புலன்ஸ் திசை மாறும். இணைப்பெயரில் இவை எதுவும் கிடையாது. யாருக்கும் இழப்பு இல்லை என்பதால்தான் கையெழுத்துக் கேட்டுக் கதவைத் தட்டும்போது பெரும்பாலானோர் மறுப்பதில்லை. தட்டுகிறவர் முதல் வாக்கியத்திலேயே ‘உங்க முகவரி மாறாது’ என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் அவருடைய பெருமைகளை அடுக்கத் தொடங்கினால், கேட்பவர் மனத்தில் ‘என் லைசென்ஸை மாத்தணுமோ’ என்ற கேள்வியே ஓடிக்கொண்டிருக்கும்.

இணைப்பெயர் விண்ணப்பம் முதலில் போவது பகுதிவாரி ஆலோசனைக் குழுக்களான கம்யூனிட்டி போர்டுகளுக்கு. நகரத்தில் இவை 59 இருக்கின்றன: மன்ஹாட்டனில் 12, பிராங்க்ஸில் 12, புரூக்ளினில் 18, குயின்ஸில் 14, ஸ்டேட்டன் தீவில் 3. ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை இருப்பார்கள். எல்லாரும் சம்பளமில்லாத நியமன உறுப்பினர்கள். நம் ஊர் வார்டு கமிட்டி மாதிரி என்று நினைக்கலாம், ஆனால் அதிகாரம் இன்னும் குறைவு. இவர்கள் சொல்வது பரிந்துரை மட்டுமே. முடிவெடுப்பது 51 பேர் கொண்ட நகர மன்றம். நடைமுறையிலோ, போர்டு வேண்டாம் என்ற பெயரை அந்தப் பகுதியின் மன்ற உறுப்பினர் கையிலெடுப்பது அபூர்வம். ஆகவே விண்ணப்பம் பிழைப்பதும் சாவதும் போர்டிலேதான்.

விதிகள் போர்டுக்குப் போர்டு மாறும். இதுதான் முதல் கண்ணி. பக்கத்துப் பகுதியில் ஒருவருக்குப் பலகை வைத்த குடும்பத்திடம் கேட்டு, அதே முறையில் கையெழுத்து வாங்கி, பிறகு அது செல்லாது என்று தெரிந்து திரும்பத் தொடங்கியவர்கள் உண்டு. எனவே முதல் வேலை, அந்தந்தப் போர்டின் அலுவலகத்தில் எழுத்து வடிவிலுள்ள வழிகாட்டு விதிகளைக் கேட்டு வாங்குவது. பொதுவாக அவற்றில் இருப்பவை: பெயருக்குரியவர் இறந்திருக்க வேண்டும், இறந்து குறிப்பிட்ட காலம் ஆகியிருக்க வேண்டும், அந்தப் பகுதிக்கு இத்தனை ஆண்டு தொண்டு செய்திருக்க வேண்டும், பலகை வரும் பிளாக்கில் குடியிருப்போரும் கடை வைத்திருப்போரும் கையெழுத்திட வேண்டும், குடும்பத்தின் சம்மதக் கடிதம் வேண்டும்.

கையெழுத்தில்தான் பாதி விண்ணப்பங்கள் இடறுகின்றன. பயிற்சியாளரிடம் படித்தவர்கள் இன்று ஊர் முழுக்கப் பரவியிருப்பார்கள். இணையத்தில் மனு போட்டால் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் பெயர்கள் குவியும். போர்டுக்கு அது வெறும் ஆதரவுச் சான்று. விதி கேட்பது பலகை நிற்கும் பிளாக்கின் கையெழுத்து. இரு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட அந்தச் சின்னத் துண்டில் இருப்பவர்களின் பெயர், வீட்டு எண், அபார்ட்மென்ட் எண், தேதி, கையொப்பம் என்று காகிதத்தில் வரிசையாக இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் எண் இல்லாத வரியைச் சரிபார்க்க முடியாது, அதனால் கழித்துவிடுவார்கள். பிளாக்கின் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளியோ மாதாகோவிலோ இருந்தால் கையெழுத்திட ஆளே கிடைக்காது. அங்கே நிறுவனத் தலைமையின் கடிதம் வாங்க வேண்டும். அரசுக் குடியிருப்பு அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத் தலைவரின் கடிதம் பல கையெழுத்துக்குச் சமம். சனிக்கிழமை காலையும் வார நாளில் மாலை ஆறு மணிக்கு மேலும்தான் கதவு திறக்கும். கடைகளில் கல்லாவில் நிற்பவரின் கையெழுத்து போதாது, முதலாளியோ மேலாளரோ போட வேண்டும்.

இதையெல்லாம் முயற்சியால் சரிசெய்துவிடலாம். இளைஞர்களை வளர்த்தவருக்கு மட்டும் உரிய சிக்கல் வேறு: அவர் செய்த வேலைக்குக் காகிதம் கிடையாது.

பாடகருக்கு இசைத்தட்டு இருக்கும். தீயணைப்பு வீரருக்குப் பணிப்பதிவு இருக்கும். அரசியல்வாதிக்குச் செய்தித்தாள் இருக்கும். இருபத்தைந்து வருடம் மாலை நான்கு மணிக்குப் பள்ளி ஜிம்மைத் திறந்து, பத்து மணிக்குப் பூட்டி, நடுவில் யார் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டவருக்கு என்ன பதிவு இருக்கும்? பெரும்பாலும் ஒரு அட்டைப்பெட்டியில் சில கோப்பைகள், தேதி போடாத குழுப்படங்கள். போர்டில் அமர்ந்திருப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு. ‘பலரது வாழ்வை மாற்றியவர்’, ‘எல்லாருக்கும் தந்தை போன்றவர்’ என்று அதில் எழுதியிருந்தால், அன்றைய கூட்டத்தில் வரும் மற்ற மூன்று விண்ணப்பங்களிலும் அதே வரி இருக்கும்.

வேலை செய்யும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தக் கட்டடத்தில், வாரத்தில் எத்தனை நாள், எந்த வயதுப் பிள்ளைகள், ஒரு பருவத்துக்கு எத்தனை பேர். இதைத் திரட்ட வழிகள் இருக்கின்றன. பூங்காவில் போட்டி நடத்த வேண்டுமானால் பூங்காத் துறையின் அனுமதி பெற வேண்டும். பழைய அனுமதிச் சீட்டுகள் வீட்டிலோ அமைப்பின் கோப்பிலோ கிடக்கலாம். லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்திருந்தால் ஆண்டு வரிக்கணக்கு படிவங்கள் பொதுவில் கிடைக்கும். அதில் அமைப்பின் வேலை, நிர்வாகிகள், முகவரி எல்லாம் வருடவாரியாக இருக்கும். பள்ளியின் ஆண்டு மலரில் அணிப் படங்கள் பெயரோடு இருக்கும். பகுதிச் செய்தித்தாளின் பழைய இதழ்கள் பொது நூலகக் கிளையில் கிடைக்கும். இவற்றோடு பழைய மாணவர்களிடம் பத்துக் கடிதம் போதும், நூறு வேண்டாம். ஒவ்வொரு கடிதமும் ஒரே ஒரு குறிப்பிட்ட விஷயத்தைச் சொல்ல வேண்டும்: எந்த வருடம் அவரிடம் சேர்ந்தேன், அப்போது என் நிலை என்ன, அவர் என்ன செய்தார், இப்போது நான் என்ன வேலை பார்க்கிறேன். நூறு பேரும் ஒரே மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பிக் கொடுத்தால், போர்டு அதை ஒரு கடிதமாகத்தான் எண்ணும்.

ஹார்லெமில் ஹோல்கம் ரக்கரின் பெயர் நிற்பது ஒரு விளையாட்டிடத்தில். அவர் நகரப் பூங்காத் துறையின் விளையாட்டிட இயக்குநராக இருந்தவர். 1950-ஐ ஒட்டித் தொடங்கிய அவருடைய கூடைப்பந்துப் போட்டி பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. வில்ட் சேம்பர்லின், ஜூலியஸ் எர்விங் போன்ற கூடைப்பந்து நட்சத்திரங்கள் அதில் ஆடினார்கள். ஆனால் பகுதி மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. பையன்களின் பள்ளி மதிப்பெண் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். படிப்பில் பின்தங்கியவனுக்குப் பாடமும் எடுப்பார். கல்லூரி உதவித்தொகைக்கு வழி செய்வார். 1965-இல் 40 வயதைத் தொடும் முன்பே இறந்தார். 1974-இல் 155ஆம் தெருவிலுள்ள விளையாட்டிடத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. தெருவைவிட மைதானம் பொருத்தமான இடமும்தான். பெயர் வைக்க முடிந்த பொது இடங்களில் தெருவும் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் பலரும் அதை மட்டுமே கேட்கிறார்கள். பயிற்சியாளரின் வேலை நடந்தது ஒரு பூங்காவில் என்றால், அங்கே நிற்கும் பெயர்தான் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் வாயில் தினமும் புழங்கும்.

போர்டு மறுத்தால் கதை முடிந்தது என்று பொருள் இல்லை. புரூக்ளினில் வளர்ந்த ராப் கலைஞர் கிறிஸ்டோபர் வாலஸ், அதாவது நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., பெயருக்கு 2013-இல் போர்டில் எதிர்ப்பு வந்தது. அவருடைய குற்றப் பின்னணி, பாட்டு வரிகள், அவ்வளவு ஏன், உடல் பருமன்கூடக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2018 டிசம்பரில் நகர மன்றம் ஒப்புக்கொண்டது. 2019 ஜூனில் செயின்ட் ஜேம்ஸ் பிளேஸில் பலகை ஏறியது. மன்ஹாட்டனில் ஒரு ராப் இசைக்குழுவின் பெயரிலான ‘பீஸ்டி பாய்ஸ் ஸ்கொயர்’ 2014-இல் போர்டில் தோற்று, 2022-இல் மன்றத்தில் வென்று, 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இரண்டிலும் இடையில் போன ஆண்டுகளில் போர்டின் உறுப்பினர்கள் மாறினார்கள், எதிர்ப்பின் சூடும் ஆறியது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2007-இல் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியின் போர்டு, கேட்ஸ் அவென்யூவில் நான்கு பிளாக்குகளுக்கு சன்னி கார்சன் பெயரைப் பரிந்துரைத்தது. போதைக் கும்பல்களைத் தெருவிலிருந்து விரட்டியவர், பகுதிப் பிள்ளைகளின் கல்விக்காகப் போராடியவர் என்பது ஆதரவாளர்கள் சொன்ன கணக்கு. வெள்ளையர்களைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசிய கடுமையான பேச்சும், ஆள்கடத்தல் வழக்கில் சிறை சென்றதும் எதிர்ப்பாளர்களின் கணக்கு. மற்ற பெயர்களோடு ஒரே பட்டியலில் போயிருந்தால் நழுவியிருக்கும். நகர மன்றம் அதைத் தனியாகப் பிரித்து வாக்கெடுத்தது. 25 பேர் எதிர்த்தார்கள், 15 பேர் ஆதரித்தார்கள். பகுதி மக்களின் நினைவு வேறு, நகரம் முழுவதன் நினைவு வேறு என்பது அன்று அம்பலமானது. விண்ணப்பிப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பெயருக்குரியவர் வாழ்க்கையில் சங்கடமான பக்கம் இருந்தால் அதை நீங்களே முதலில் குறிப்பில் எழுதிவிடுங்கள். பயிற்சியாளர்களில் பலர் இளமையில் சிறைக்குப் போய்த் திருந்தி, அதனாலேயே பிள்ளைகளிடம் பேசும் தகுதி பெற்றவர்கள். அதை மறைத்தால் குற்றமாகத் தெரியும், சொன்னால் அவருடைய வேலைக்கே காரணமாகத் தெரியும்.

இறந்தபின் சில ஆண்டு காத்திருக்கச் சொல்வதைக் குடும்பங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்கின்றன. துக்கம் ஆறும் முன்பே பலகை வேண்டும் என்று ஏங்குவது இயல்பு. ஆனால் பிள்ளைகளோடு வேலை செய்தவர் விஷயத்தில் இந்த விதியை நான் ஆதரிப்பேன். நியூயார்க் மாநிலம் 2019-இல் கொண்டுவந்த பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான சட்டம், காலாவதியான பாலியல் குற்றப் புகார்களுக்கும் வழக்குத் தொடர ஒரு இடைக்கால வாய்ப்பைத் திறந்தது. 2021 ஆகஸ்ட் வரை நீடித்த அந்த இரண்டு ஆண்டுகளில் பாதிரியார்கள், ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள் மேல் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய புகார்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. பாதிக்கப்பட்டவர் பேச முன்வரக் காலம் பிடிக்கும் என்பதை அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டது. பேசத் துணிந்த நேரத்தில் அவர் தினமும் கடக்கும் முனையில் அந்த ஆளின் பெயர் பலகையில் இருக்கக்கூடாது.

போர்டு ஒப்புக்கொண்டபின் வேலை அநேகமாகத் தானே நகரும். பகுதியின் மன்ற உறுப்பினர் பெயரை மன்றத்துக்கு அனுப்புவார். தனித்தனி மசோதா கிடையாது. நகரம் முழுவதன் பெயர்களையும் திரட்டி, ஆண்டுக்கு ஓரிரு முறை ஒரே கட்டாகப் போடுவார்கள். சில கட்டுகளில் நூற்றுக்கும் மேல் பெயர்கள் இருக்கும். பூங்காக் குழு முதலில் பார்க்கும், பிறகு முழு மன்றம் வாக்களிக்கும், பிறகு மேயருக்குப் போகும். மேயர் 30 நாளில் கையெழுத்திடலாம், மறுக்கலாம், சும்மாவும் இருக்கலாம். சும்மா இருந்தால் தானே சட்டமாகிவிடும். ஒரு கட்டைத் தவறவிட்டால் அடுத்த கட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் விழாத் தேதியை முன்கூட்டியே குறித்து அழைப்பிதழ் அச்சிடுவது வேண்டாத வேலை.

மசோதாவில் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று பத்திகள் இருக்கும்: புதிய பெயர், இப்போதைய பெயர், எல்லை. எல்லை என்ற பத்தியில்தான் பலகை எங்கே நிற்கும் என்பது தீர்மானமாகிறது. இரு குறுக்குத் தெருக்களுக்கு நடுவே என்று எழுதினால் பிளாக்கின் இரு முனையிலும் வைக்கலாம். ‘வடகிழக்கு முனையில்’ என்று எழுதினால் ஒரே ஒரு கம்பம். எந்த முனை என்று குடும்பம் யோசித்து வைத்திருக்க வேண்டும். மரக்கிளை மறைக்கும் முனை, ஏற்கனவே இரண்டு இணைப்பெயர்கள் ஏறிய கம்பம், இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

பெயரின் கடைசிச் சொல் பெரும்பாலும் ‘வே’, ‘பிளேஸ்’, ‘கார்னர்’, ‘ஸ்கொயர்’ என்று இருக்கும். நீளம் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதக்கூடாது, முதல் எழுத்து மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும் என்று நாடு தழுவிய சாலைக்குறி விதிநூல் 2009-இல் சொல்லிவிட்டது. சாதாரணத் தெருவில் பெரிய எழுத்து 6 அங்குலமும் சிறிய எழுத்து நாலரை அங்குலமும் உயரம் இருக்க வேண்டும். வேகம் குறைந்த குடியிருப்புத் தெருவில் 4, 3 அங்குலம்வரை இறங்கலாம். பட்டம், முதற்பெயர், நடுப்பெயர், செல்லப்பெயர், குடும்பப்பெயர், அதன்மேல் ‘வே’ என்று எல்லாவற்றையும் கேட்டால் எழுத்து சுருங்கும், இல்லையென்றால் பலகை நீளும். சாலையைக் கடப்பவர் கண்ணில் படுவது இரண்டு சொல்தான். ‘கோச்’ என்றே ஊர் அழைத்தவரை அவருடைய சான்றிதழ்ப் பெயரில் எழுதினால் அவரிடம் படித்தவர்களுக்கே அடையாளம் தெரியாது. செல்லப்பெயரோடு குடும்பப்பெயர் என்ற சேர்க்கை நன்றாக நிற்கும்.

இணைப்பெயர் முறை எதைக் காப்பாற்றுகிறது என்பதற்கு நமக்கு நெருக்கமான சாட்சி குயின்ஸில் இருக்கிறது. ஃபிளஷிங்கில் 1977-இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோவில் நிற்பது பவுன் ஸ்ட்ரீட்டில். கோவிலை எழுப்ப முன்நின்றவர்களில் ஒருவர் தமிழரான அழகப்பா அழகப்பன். 2022 ஏப்ரலில் அந்தத் தெருவுக்கு ‘கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்’ என்ற இணைப்பெயர் கிடைத்தது. பவுன் யார் என்று பார்த்தால்தான் விஷயத்தின் அழகு தெரியும். ஜான் பவுன் என்பவர், அரசு ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் தன் வீட்டில் கூடி வழிபட விட்டதற்காக 1662-இல் கைதானவர், வழிபாட்டு உரிமைக்காக வாதாடி வென்றவர். முழுப் பெயர் மாற்றமாக இருந்திருந்தால், கோவிலுக்கு அங்கே இடம் கிடைக்க வழிசெய்த மரபின் முதல் ஆளையே கம்பத்திலிருந்து இறக்கியிருப்பார்கள்.

சட்டம் ஆனபின் போக்குவரத்துத் துறையின் பலகைப் பட்டறையில் பலகை தயாராகும். கம்பத்தில் ஏற்றி, காகிதத்தால் மூடி, ஒரு கயிறு தொங்கவிடுவார்கள். விழாவன்று குடும்பத்தார் கயிற்றை இழுப்பார்கள். கயிறு சிக்கிக்கொண்டு காகிதம் பாதியில் நிற்பதும் நடக்கும், அதனால் நீளமான குச்சியோடு ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. அதைவிட முக்கியமான ஒரு வேலை ஆறு மாதத்துக்கு முன்பே இருக்கிறது. மசோதா குழுவுக்கு வரும்போது அதன் வாசகத்தை இறக்கி, பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபாருங்கள். சட்டத்தில் எழுத்துப் பிழை ஏறிவிட்டால் பலகையும் அதே பிழையோடுதான் வரும், திருத்த அடுத்த கட்டு மசோதாவில் இன்னொரு பிரிவு சேர்க்க வேண்டும்.